கப்பல் டைனிங் ரூமுக்கு என்ன போட்டுட்டு போறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ரூஸ் டிக்கெட் போட்டதும் நம்ம வீடுகள்ல வர்ற முதல் சந்தேகம் சாப்பாடு பத்தி, அடுத்தது இந்த டிரஸ் விஷயம். "டைனிங் ரூமுக்கு கோட் சூட் இல்லாம உள்ள விட மாட்டாங்களாமே"ன்னு யாராவது ஒருத்தர் கிளப்பி விட்டுடுவாங்க, அப்புறம் பெட்டில பாதி எடம் ஒரு நாளும் போடாத துணிக்கே போயிடும். சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்க, வாட்ஸப் குரூப்னு மாறி மாறி கேட்ட கேள்விகள இங்க ஒரே எடத்துல போட்டிருக்கேன். கம்பெனிக்காரங்க ரூல அப்பப்போ மாத்துவாங்க, அதனால கெளம்பறதுக்கு முன்னாடி அவங்க ஆப்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

கப்பல்ல எங்க சாப்பிட்டாலும் டிரஸ் கோட் உண்டா?

கிடையாது. பயமெல்லாம் ஒரே ஒரு எடத்த பத்தினது தான், மெயின் டைனிங் ரூம், அதுவும் ராத்திரி சாப்பாட்டுக்கு. மேல் டெக்ல நீச்சல் குளத்துக்கு பக்கத்துல பஃபே இருக்கும், அங்க ஷார்ட்ஸ் டீ-ஷர்ட்டோட காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் சாப்பிடலாம், வெறுங்காலோடயும் ஈர நீச்சல் டிரஸ்ஸோடயும் மட்டும் போகக்கூடாது, அவ்ளோதான். மெயின் டைனிங் ரூம்லயே கூட காலை டிஃபனுக்கும் மத்தியான சாப்பாட்டுக்கும் பெரும்பாலான கப்பல்கள்ல ஷார்ட்ஸ் ஓகே. தனியா காசு குடுத்து சாப்பிடற ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்கள்ல மட்டும் தினமும் கொஞ்சம் டீசன்ட்டா வரச்சொல்லுவாங்க. ஆக டிரஸ் கோட் பிடிக்கலன்னாலும் யாரும் பட்டினி கெடக்கப் போறதில்ல.

ஃபார்மல் நைட், காலா நைட், ஸ்மார்ட் கேஷுவல்... ஒன்னுமே புரியல?

ஃபார்மல் நைட்னா ராத்திரி சாப்பாட்டுக்கு நல்லா டிரஸ் பண்ணிட்டு வரச்சொல்ற விசேஷ நாள், அதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பேர் வச்சிருக்கு. கார்னிவல்ல சாதாரண நாளுக்கு "க்ரூஸ் கேஷுவல்", விசேஷ நாளுக்கு "க்ரூஸ் எலிகன்ட்". செலிப்ரிட்டி 2015 கடைசில ஃபார்மல் நைட்டையே தூக்கிட்டு "ஈவினிங் சிக்"னு கொண்டு வந்தாங்க, அதாவது நல்லா டிரஸ் பண்ணிட்டு வாங்க ஆனா கோட்டும் டையும் கட்டாயம் இல்ல. குனார்ட்ல "காலா ஈவினிங்". நார்வீஜியன் 2000-த்துலயே "ஃப்ரீஸ்டைல்"னு ஆரம்பிச்சு இந்த மணிக்கு இந்த டேபிள், இந்த டிரஸ்ங்கற பழைய முறைய உடைச்சவங்க, அங்க கட்டாய ஃபார்மல் நைட்டே கிடையாது. விர்ஜின் வாயேஜஸ்ல ஒரு நாள் ராத்திரி எல்லாரும் செவப்பு போடறது தான் கொண்டாட்டம். வைகிங் கப்பல்கள்லயும் ஃபார்மல் நைட் இல்ல, ஆனா சாயங்காலத்துக்கு மேல ரெஸ்டாரன்ட்டுக்கு ஜீன்ஸ் வேணாம்பாங்க.

ஸ்மார்ட் கேஷுவல்னா என்னன்னு கேட்டா, காலர் வச்ச சட்டை, ஃபுல் பேன்ட், ஷூ. ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை போடறது. பெண்களுக்கு குர்தி, சல்வார், சாதா புடவை, மேக்ஸி, எதுவா இருந்தாலும் சரி.

எத்தன நாள் ஃபார்மல் வரும்? எந்த நாள்னு முன்னாடியே தெரியுமா?

கார்னிவல்ல 2-லேர்ந்து 5 நாள் பயணத்துக்கு ஒரு எலிகன்ட் நைட், 6 நாளும் அதுக்கு மேலயும்னா ரெண்டு. ராயல் கரீபியன்லயும் கிட்டத்தட்ட இதே கணக்கு தான், 3-4 ராத்திரின்னா ஒன்னு, 7 ராத்திரின்னா பொதுவா ரெண்டு. குனார்ட்ல 7 ராத்திரி அட்லாண்டிக் பயணத்துக்கு வழக்கமா ரெண்டு காலா.

நாள் எதுன்னு ஓரளவு ஊகிக்கலாம். கப்பல் எந்த ஊர்லயும் நிக்காம கடல்லயே போற நாள்ல தான் பெரும்பாலும் வப்பாங்க, ஏன்னா ஊர் சுத்திட்டு வேர்த்து விறுவிறுத்து அஞ்சு மணிக்கு கப்பல் ஏறறவங்கள ஏழு மணிக்கு டை கட்டச் சொன்னா யார் கேப்பா? முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் ஃபார்மல் வக்கிறதில்ல. இது பழைய லைனர் கப்பல் (ரெண்டு துறைமுகத்துக்கு நடுவுல ஆளுங்கள ஏத்திட்டு ஓடற கப்பல்) காலத்துலேர்ந்தே வர்ற வழக்கம், முதல் நாள் பெட்டி பிரிச்சிருக்க மாட்டாங்க, கடைசி நாள் பெட்டி கட்டியாச்சு. இன்னைக்கும் அதே காரணம் தான், முதல் நாள் நீங்க துறைமுகத்துல குடுக்கற பெட்டி கேபினுக்கு வந்து சேர சாயங்காலம் ஆயிடும், சில நேரம் சாப்பாட்டு நேரமும் தாண்டிடும்.

சிங்கப்பூர்லேர்ந்து 3-4 நாள் க்ரூஸ் போறோம். கோட் வேணுமா?

வேணாம். நம்மூர்லேர்ந்து போறவங்கள்ல நெறைய பேருக்கு முதல் க்ரூஸ் இது தான், அதனால அழுத்தியே சொல்றேன், வேணாம். ராயல் கரீபியனோ ஜென்டிங் ட்ரீமோ, எதுவா இருந்தாலும் ஃபுல் பேன்ட், இஸ்திரி போட்ட ஃபுல் கை சட்டை, ஷூ இருந்தா மெயின் டைனிங் ரூம்ல உக்காரலாம். ராயல் கரீபியன்ல ஒரு நாள் "நல்லா டிரஸ் பண்ணிட்டு வாங்க"ன்னு ஆப்ல போடுவாங்க, அன்னைக்கு ஆசப்படறவங்க சூட் போடுவாங்க, பக்கத்து டேபிள்ல ஒரு குடும்பம் போலோ டீ-ஷர்ட்டோட உக்காந்திருக்கும், யாரும் யாரையும் பாக்கறதில்ல. சிங்கப்பூர் வெயிலுக்கு பிளேசர தூக்கிட்டு அலையறது தான் பெரிய தண்டனை.

சென்னைலேர்ந்து கார்டீலியா போனா?

அது இன்னும் ஈஸி. கார்டீலியா கம்பெனியோட கப்பல் எம்ப்ரஸ், 1990-ல கட்டினது, ராயல் கரீபியன்கிட்ட இருந்து வந்தது. 2022 ஜூன்ல தான் சென்னைலேர்ந்து முதல்ல கெளம்பிச்சு, அடுத்த வருஷம் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கை பக்கமும் போச்சு. கூட்டம் முழுக்க நம்மாளுங்க, குடும்பம் குடும்பமா வருவாங்க, ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு போடற துணி ஒரு செட்டு, மத்ததெல்லாம் சாதா துணி, போதும்.

எனக்கு சூட்டே இல்ல. இதுக்காக புதுசா தைக்கணுமா?

குனார்ட் போகலன்னா தைக்காதீங்க. மத்த கம்பெனி ஃபார்மல் நைட்டுக்கெல்லாம் கருப்பு இல்லன்னா நேவி ப்ளூ பேன்ட், வெள்ள ஃபுல் கை சட்டை, முடிஞ்சா ஒரு டை. கல்யாணத்துக்கு தச்ச பிளேசர் பீரோல தூங்கிட்டிருந்தா எடுத்துக்கோங்க, அது பட்டன் போட முடியுதான்னு வீட்லயே பாத்துக்கோங்க.

அந்த குனார்ட்ல என்ன அப்படி விசேஷம்? அக்கா பொண்ணு லண்டன்ல இருக்கா, குயின் மேரி 2-ல நியூயார்க் போலாங்கறா.

போங்க, ஆனா இந்த ஒரு கப்பலுக்கு தான் நான் பெட்டிய கவனமா கட்டச் சொல்லுவேன். குயின் மேரி 2, 2004-ல வந்தது, இன்னைக்கும் சவுத்ஹாம்டன் - நியூயார்க் வழியில ஓடற நெஜமான லைனர் இது ஒன்னு தான். 7 ராத்திரியும் நடுவுல எந்த ஊரும் கிடையாது, சுத்தி தண்ணி. வெளில எறங்கி சுத்தறதுக்கு ஒன்னும் இல்லாததால சாயங்காலம் குளிச்சு டிரஸ் பண்ணி சாப்பிடப் போறதே அங்க ஒரு நிகழ்ச்சி. அதுக்குன்னே காசு குடுத்து வர்ற கூட்டம் அது, அதனால அங்க டிரஸ் கோட யாரும் பாரமா நெனைக்கறதில்ல.

சாயங்காலம் 6 மணிக்கு மேல கப்பல்ல பெரும்பாலான எடத்துக்கு ரூல் பொருந்தும், டைனிங் ரூமுக்கு மட்டும் இல்ல. சாதா நாள்ல ஆண்களுக்கு காலர் சட்டை, பேன்ட், மேல ஒரு பிளேசர் இருந்தா எடுபடும், டை தேவையில்ல. காலா அன்னைக்கு டக்ஸீடோ (போ டையோட போடற கருப்பு சூட்), டின்னர் ஜாக்கெட், இல்லன்னா டை கட்டின டார்க் சூட். பெண்களுக்கு நீள கவுன், காக்டெயில் டிரஸ், நல்ல பேன்ட் சூட். டக்ஸீடோ தான் வேணும்னு இல்ல, டார்க் சூட்டும் டையும் ரூல்லயே இருக்கு, அத போட்டுட்டு வர்றவங்க நெறைய பேர். இதுல "பிளாக் அண்ட் வைட்", "மாஸ்கரேட்"னு தீம் வேற வப்பாங்க, தீமுக்கு ஏத்த மாதிரி போடறது உங்க இஷ்டம், முகமூடி இல்லன்னு வாசல்ல நிறுத்த மாட்டாங்க.

காலா அன்னைக்கு டிரஸ் பண்ண மனசில்லையா, கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் பப், கேரிந்தியா லவுஞ்ச், கேசினோ, இந்த எடங்களுக்கு சாதா டிரஸ்ல போலாம். ஆனா பிரிட்டானியா ரெஸ்டாரன்ட்டோட அந்த பெரிய படிக்கட்டுல எறங்கி போறதையும் அப்புறம் குயின்ஸ் ரூம்ல பேண்டு வாசிக்க வயசானவங்க ஜோடி ஜோடியா வால்ட்ஸ் ஆடறதையும் விட்டுட்டு பப்புல உக்காரறதுக்கா அவ்ளோ காசு? ஒரு சூட்ட தூக்கிட்டு போயிடுங்க.

வேட்டி கட்டிட்டு போலாமா? சீரியஸா கேக்கறேன்.

நானும் சீரியஸாவே சொல்றேன், போலாம். குனார்ட் மாதிரி கறாரான எடத்துலயே ஃபார்மலான தேசிய உடைய ஏத்துக்கறாங்க, ஸ்காட்லாந்துக்காரங்க கில்ட் கட்டிட்டு வர்றது அங்க சாதாரணம். அவங்க பாவாடை மாதிரி கட்டிட்டு வரும்போது நம்ம பட்டு வேட்டிக்கு என்ன கொறச்சல். வேடிக்கை என்னன்னா நம்ம ஊர்ல தான் இது பிரச்சினையாச்சு, 2014-ல சென்னைல ஒரு கிரிக்கெட் கிளப்புல வேட்டி கட்டியிருந்தார்னு ஐகோர்ட் நீதிபதியையே உள்ள விடல, அதுக்கப்புறம் தமிழ்நாடு அரசு அதே வருஷம் சட்டமே போட்டு அந்த தடைய எடுத்தாங்க. நடுக்கடல்ல அந்த சட்டம் செல்லாது, ஆனா தேவையும் படல.

கண்டிஷன் ஒன்னு இருக்கு, அது "ஃபார்மல்"ங்கறது. ஜரிகை போட்ட எட்டு முழ வேட்டி, அதுக்கு பட்டு சட்டையோ வெள்ள ஃபுல் கை சட்டையோ, தோள்ல மடிச்ச அங்கவஸ்திரம், இப்படி போனா நீங்க தான் அன்னைக்கு ஹீரோ, போட்டோ எடுக்க வந்து கேப்பாங்க. மடிச்சு கட்டக்கூடாது, லுங்கி பக்கமே போகாதீங்க. கால்ல ரப்பர் செருப்பு கூடாது, தோல் செருப்பு நல்லதா இருந்தா கேள்வி வராது. கப்பல் ஆடும், படிக்கட்டு நெறைய, அதனால பெல்ட் போட்டு இறுக்குங்க, வெல்க்ரோ வேட்டி இருந்தா இன்னும் நிம்மதி. வெளி டெக்குக்கு மட்டும் வேட்டியோட போகாதீங்க, கடல் காத்து மானத்த வாங்கிடும். கூட்டத்துல தனியா தெரியறது கூச்சமா இருந்தா ஷெர்வானி, இல்ல கழுத்து வரைக்கும் மூடின பந்த்கலா கோட்டு, அது சூட்டுக்கு சமமா எல்லா கப்பல்லயும் போகும்.

ஸ்மார்ட் கேஷுவல் நாள்லயும் வேட்டி ஓகேவான்னா ஓகே தான். ஆனா ஒரு தடவயாவது வரவேற்பு மேசைல சொல்லி வச்சுடுங்க, வாசல்ல நிக்கற பையன் புதுசா இருக்கலாம்.

பெண்களுக்கு புடவை?

பெண்களுக்கு எந்த கப்பல்லயும், எந்த ராத்திரியிலயும், எந்த பேர் வச்ச நைட்டா இருந்தாலும் புடவை போதும். வெள்ளக்கார அம்மாக்கள் நாலு மாசம் முன்னாடியே கவுன் தேடி அலையறாங்க, நம்மகிட்ட பீரோ நெறைய இருக்கு. காலாவுக்கு ஒரு பட்டு, மத்த நாளுக்கு ஷிஃபான், கிரேப், சில்க் காட்டன்.

நான் சொல்றது கனமான காஞ்சிபுரம் ஒன்னுக்கு மேல எடுக்காதீங்க. கேபின்ல கட்டறதுக்கு எடம் கம்மி, மடிப்பு வச்சு பின் குத்த அங்க இங்க நகர முடியாது, ஆளுயர கண்ணாடி இருந்தா இருக்கும். வீட்லயே மடிப்பு எடுத்து இஸ்திரி போட்டு பின் குத்தி பெட்டில வச்சுட்டா அங்க அஞ்சு நிமிஷத்துல கட்டிடலாம், இப்ப தான் ஊர் ஊருக்கு ப்ரீ-ப்ளீட்டிங் பண்ணி தர்றாங்களே. பாவாடைக்கும் ஹீல்ஸுக்கும் சேத்து உயரத்த முன்னாடியே பாத்துக்கோங்க, கப்பல் ஆடும்போது கொசுவம் கால்ல மாட்டினா அவ்ளோதான். சின்ன ஹீல், இல்ல தட்டையான ஜரிகை செருப்பு.

சுடிதார், அனார்கலி, லெஹங்கா எல்லாமே தாராளமா. ஃபார்மல் நைட்டுக்கு கொஞ்சம் ஜிகினா வச்சது போடுங்க, கூசாதீங்க, அங்க வர்ற கவுன்களுக்கு முன்னாடி நம்ம ஜிகினா ஒன்னுமே இல்ல.

ஜீன்ஸ்? ஷார்ட்ஸ்?

கிழியாத டார்க் ஜீன்ஸ் கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன்ல சாதா ராத்திரிக்கு ஓடும். எலிகன்ட், ஃபார்மல் நாளுக்கு வேணாம். ஷார்ட்ஸ்ல தான் குழப்பம், கார்னிவல்ல சாதா ராத்திரிக்கு நீட்டான ஷார்ட்ஸ விடறாங்க, ஜிம் ஷார்ட்ஸையும் பாஸ்கெட்பால் ஷார்ட்ஸையும் விடறதில்ல. ராயல் கரீபியன்ல ராத்திரிக்கு ஷார்ட்ஸ் வேணாம்னு எழுதியிருப்பாங்க, உள்ள போனா நாலு டேபிளுக்கு ஒருத்தர் ஷார்ட்ஸ்ல உக்காந்திருப்பார். அத பாத்துட்டு நீங்களும் கெளம்பாதீங்க, ஒரு நாள் விடற ஆளு இன்னொரு நாள் விட மாட்டார்.

டைனிங் ரூம்ல எந்த கப்பல்லயுமே கூடாதது: பனியன் மாதிரி கையில்லாத சட்டை (ஆண்களுக்கு), நீச்சல் டிரஸ், பேஸ்பால் தொப்பி, வெறுங்கால். மதத்துக்காக போடற டர்பன், தொப்பி, ஹிஜாப் எதுக்கும் இந்த ரூல் கிடையாது.

ஷூ ஒன்னே ஒன்னு தான் எடுக்க முடியும்னா?

கருப்பு லோஃபர். பேன்ட், சூட், ஷெர்வானி எல்லாத்துக்கும் போகும், கழட்டி மாட்டறதும் சுலபம். வெள்ள ஸ்போர்ட்ஸ் ஷூவ ஊர் சுத்தறதுக்கு கால்ல போட்டுட்டே விமானம் ஏறிடுங்க.

குழந்தைங்களுக்கும் இதே ரூலா?

பேப்பர்ல இருக்கும், நடைமுறைல யாரும் அஞ்சு வயசு பையன் டை கட்டலன்னு கேக்கறதில்ல. காலர் சட்டை, பேன்ட், பொண்ணுன்னா ஒரு ஃபிராக் இல்ல பட்டுப்பாவாடை. பட்டுப்பாவாடை போட்ட குழந்தைய வெயிட்டர்கள் தூக்கி வச்சுக்காத குறை தான். ஃபார்மல் நைட்ல சாப்பாடு ஒவ்வொரு கோர்ஸா வரும், ஒன்றரை மணி நேரம் ஆகும், குழந்தைக்கு உறுத்தற துணி போட்டீங்கன்னா மெயின் கோர்ஸ் வர்றதுக்குள்ள நீங்க எழுந்துடுவீங்க.

டிரஸ் சரியில்லன்னா அவமானப்படுத்துவாங்களா?

கத்த மாட்டாங்க, பயப்படாதீங்க. வாசல்ல சிரிச்சுட்டே "சார், கேபின்ல பேன்ட் இருக்கா"ன்னு கேப்பாங்க, இல்லன்னா பஃபேக்கு வழி காட்டுவாங்க, அவ்ளோதான் நடக்கும். பாதி கப்பல்கள்ல அதுவும் கேக்கறதில்ல. "பணக்காரங்க நடுவுல நாம கேவலமா தெரிவோமோ"ன்னு அம்மா ஒருத்தங்க கேட்டாங்க. க்ரூஸ்ல வர்றவங்கள்ல பெரும்பாலும் ரிட்டயர் ஆன டீச்சர், நர்ஸ், நம்மள மாதிரி சேத்து வச்சு வர்ற குடும்பங்கள் தான், கவுன் போட்டிருக்கறவங்க எல்லாம் ராணி இல்ல.

கேபின்ல இஸ்திரி போடலாமா?

கூடாது. இஸ்திரி பெட்டி, ஸ்டீமர் ரெண்டுமே நெருப்பு ஆபத்துன்னு தடை, ஸ்கேன்ல பாத்து எடுத்து வச்சுட்டு எறங்கும்போது தான் தருவாங்க. குனார்ட், கார்னிவல், பிரின்சஸ் கப்பல்கள்ல பயணிகளே துவைக்கற ரூம் இருக்கு, அங்க இஸ்திரி பெட்டியும் இருக்கும், காலா அன்னைக்கு சாயங்காலம் மட்டும் அங்க கூட்டம், காலைலயே முடிச்சிடுங்க. ராயல் கரீபியன்ல அந்த வசதி கிடையாது, காசு குடுத்து லாண்டரில போடணும். இல்லன்னா கசங்காத துணியா எடுத்துட்டு, கேபினுக்கு வந்ததும் ஹேங்கர்ல மாட்டி, வெந்நீர் திறந்து விட்ட பாத்ரூம்ல அரை மணி நேரம் தொங்க விடுங்க, பாதி சுருக்கம் போயிடும்.

டைனிங் ரூம்ல குளிருமா?

குளிரும். வெளில 32 டிகிரி இருந்தாலும் உள்ள ஏசி நடுங்க வக்கும், வயசானவங்களுக்கு ஒரு சால்வை கட்டாயம். பஷ்மினா ஒன்னு எடுத்தீங்கன்னா டைனிங் ரூம், தியேட்டர், டெக் மூணுத்துக்கும் ஆச்சு.

நகை?

கவரிங் போதும். கேபின்ல சின்ன லாக்கர் இருக்கும், ஆனா ஊர் ஊரா எறங்கி ஏறும்போது நகை நெனப்பாவே இருக்கணுமா என்ன. ஃபார்மல் நைட் அன்னைக்கு படிக்கட்டு பக்கத்துல போட்டோகிராஃபர்கள் பேக்ரவுண்ட் மாட்டி நிப்பாங்க, எடுத்துக்கறது இலவசம், பிரிண்ட் வாங்கினா தான் காசு, அது ஒன்னுக்கே 20 டாலர் கிட்ட வரும். அதே எடத்துல உங்க போன்ல ஒரு கிளிக் பண்ண யாரும் தடுக்கறதில்ல.

பெட்டி கட்டும்போது எதையாவது மறந்துடுவோமா?

ரெண்டு விஷயம். முதல் நாள் பெட்டி லேட்டா வரும்னு சொன்னேன்ல, அதனால கைப்பைல ஆளுக்கு ஒரு நல்ல சட்டை பேன்ட், இல்ல சுடிதார், மருந்து மாத்திரையோட சேத்து வச்சுடுங்க. கடைசி ராத்திரி பெட்டிய கட்டி கேபின் வாசல்ல வச்சுட சொல்லுவாங்க, நடு ராத்திரி வாக்குல எடுத்துட்டு போய்டுவாங்க, காலைல துறைமுகத்துல தான் திரும்ப பாப்பீங்க. சாப்பிட்டு வந்த அசதில எல்லாத்தையும் உள்ள போட்டு பூட்டி வெளில வச்சுட்டு, விடிஞ்சா நைட்டியோட நிக்கற ஆளுங்க ஒவ்வொரு பயணத்துலயும் யாராவது இருக்காங்க. எறங்கும்போது போடறதுக்கு ஒரு செட்டு துணி வெளில இருக்கட்டும், செருப்பும் சேத்து. பெட்டிய நீங்களே உருட்டிட்டு எறங்கறதா இருந்தா இந்த தொல்லையே இல்ல, அதுக்கு முந்தின நாளே வரவேற்பு மேசைல கேட்டு வச்சுக்கோங்க.